ஒரிஜினலில் மூன்று விலை

குறட்டின் வாயில் வைத்து நசுக்கியதும் முறுக்கு நொறுங்குவதுபோல் நொறுங்கியது. கறுப்பு பிளாஸ்டிக் துணுக்குகளை ஊதித் தள்ளிவிட்டுப் பார்த்தால், தகட்டின் நடுவே எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சிலிக்கான் சில்லு. அந்தச் சில்லுதான் டிரான்சிஸ்டர்; சுற்றியிருப்பதெல்லாம் அது குடியிருக்கும் வீடு. மேற்புறத்தில் வெள்ளை எழுத்தில் தோஷிபா என்ற பெயர், 5200 என்று முடியும் எண், அதற்குக் கீழே தயாரிப்புக் குறி எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. பழைய ஜப்பான் ரிசீவர் ஒன்றிலிருந்து எப்போதோ கழற்றிப் போட்டிருந்த, செத்துப்போன இன்னொரு 5200 என்னிடம் இருந்தது. தேடி எடுத்து அதையும் உடைத்தேன். உள்ளே துவரம்பருப்பு அளவுக்குச் சதுரமான சில்லு. இரண்டையும் செய்தித்தாள் மேல் அருகருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது. இடது பக்க ஸ்பீக்கர் ஒயரில் பிரிந்து நின்ற ஓர் இழை மற்றதைத் தொட்டு, 'டப்' என்று ஒரு சத்தத்தோடு அந்தப் பக்கம் அடங்கிப்போய் இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. இந்த ஆம்ப்ளிஃபயரை நான் கட்டியது 2013இல். பதினோரு ஆண்டுகள். கோபம் வந்தது என்று சொல்ல முடியாது. இறப்புச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில், ஆயுள் முழுக்க நாம் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாமாவுக்கு ஆவணங்களில் வேறு பெயர் என்று தெரிய வந்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. அவர் ஒன்றும் ஏமாற்றிவிடவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகு பழைய புகைப்படத்தைக் கொஞ்சம் வேறு மாதிரிதான் பார்ப்போம்.

வாங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது, அல்லது சில்லைப் பார்த்த பிறகு நினைவு வந்தது. ரிச்சி தெருவில் மதியச் சாப்பாட்டு நேரம். அண்ணா சாலையின் இரைச்சலிலிருந்து உள்ளே திரும்பியதும் கைவண்டியும் மோட்டார் சைக்கிளும் அட்டைப்பெட்டி சுமக்கும் ஆட்களும் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு போகும் சந்து அது. ஒரு ஆள் நிற்க மட்டும் இடமுள்ள கடை. பின்சுவர் முழுக்கச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் மார்க்கரால் எழுதிய எண். 5200, 1943 சோடி இரண்டு கேட்டேன். ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்களுக்கு இந்த இரண்டு எண்களும் கணவன் மனைவி பெயர் மாதிரி, பிரித்துச் சொல்லும் வழக்கமில்லை. ஒன்று அலையின் மேல் பாதியைத் தூக்கும், மற்றது கீழ்ப் பாதியை. "ஒரிஜினல் இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு, "ஒரிஜினல்லயே மூணு ரேட் இருக்கு சார், எது வேணும்?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடி மேல் மூன்று சோடிகளை எடுத்து வைத்தார். சோடி அறுபது ரூபாய், நூற்று நாற்பது, நானூற்று ஐம்பது. மூன்றிலும் ஒரே பெயர், ஒரே எண். கையில் எடுத்துப் பார்த்தேன், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், கால்களின் ஈயப் பூச்சைப் பார்த்தேன். துணிக்கடையிலும் ஓட்டலிலும் நடு விலையையே காட்டிப் பழகிய விரல், நடுவில் இருந்ததைக் காட்டியது. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இன்றுவரை என்னைத் தொந்தரவு செய்கிறது. உலகத்தில் இருந்த உண்மை அத்தனையையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டது நான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். போர்டு தயாராகி, டிரான்ஸ்ஃபார்மர் வந்து, பெட்டி செய்து முடிப்பதற்குள் அந்த 'மூணு ரேட்' என் மனதிலிருந்து அழிந்துபோயிற்று. (பெட்டிக்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகம் செலவாகும் என்பதைச் சொந்தமாக ஆம்ப் கட்டியவர்கள் யாரும் முதலிலேயே சொல்லித் தருவதில்லை. லேத் பட்டறையில் நின்று முன்பலகைக்குத் துளை போடச் சொல்லும்போதுதான் தெரியும்.) வீட்டுக்கு வருகிறவர்களிடம் "அவுட்புட் ஜப்பான் சாமான்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தேன். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் வயிற்றில் வந்து இறங்குவதையும், தம்புராவில் ஜீவாவுக்காகச் செருகிய நூல்கூடக் காதில் படுவதையும் சுட்டிக்காட்டினேன். நண்பர்கள் ஆமோதித்தார்கள். அவர்களில் ஒருவர் முறையாகப் பாட்டுக் கற்றவர், எளிதில் பாராட்டாதவர். "கடையில வாங்கினதுல இந்த அமைதி வராதுங்க" என்றார் அவர். நாங்கள் இருவருமே பொய் சொல்லவில்லை. தொப்பி வயிற்றில் இறங்கத்தான் செய்தது. ஆனால் அந்த அமைதியின் பெருமையை எந்தக் கணக்கில் வரவு வைத்தோம் என்பதுதான் கேள்வி. ஜப்பானின் கணக்கில் வைத்தோம். எள்ளளவு சில்லுக்கு ஒரு பைசாகூடப் போய்ச் சேரவில்லை.

எண்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. அசல் 5200 தாங்குவதாகத் தோஷிபா சொல்வது 230 வோல்ட், 15 ஆம்பியர். என் ஆம்ப்ளிஃபயரில் மின்வழங்கி மேலே முப்பத்தைந்து, கீழே முப்பத்தைந்து வோல்ட். முழு மூச்சில் ஓட்டினால் எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு ஐம்பது வாட்டுக்குச் சற்று மேலே தரும். முழு மூச்சில் ஓட்டியதே இல்லை. அடுக்குமாடி வீட்டில் யார் விடுவார்கள்? சாதாரண ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தாலே கூடத்தில் உட்கார்ந்து பேச முடியாத சத்தம் வரும். இரவு பத்து மணிக்கு நான் கேட்கும் அளவுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடப் போதும். ஒரு வாட் என்றால் எட்டு ஓமுக்குள் போகும் மின்னோட்டம் உச்சத்தில் அரை ஆம்பியர். அதாவது, பதினைந்து ஆம்பியர் தாங்குவேன் என்று மார்பில் எழுதிக்கொண்டு வந்தவனிடம் பதினோரு ஆண்டுகளாக நான் கேட்டது அரை ஆம்பியர், பல இரவுகளில் அதுவும் இல்லை. அந்த வேலையை அவன் குறையில்லாமல் செய்தான். இழை தொட்ட அந்த ஒரு நொடியில்தான், எழுதியிருந்ததை நிரூபிக்கும்படி யாரோ கேட்டார்கள். செத்துப்போனான். இதில் ஒரு சந்தேகத்தையும் மறைக்கக் கூடாது: பாதுகாப்புச் சுற்று எதுவும் வைக்காத என் ஆம்ப்ளிஃபயரில், அசலே இருந்திருந்தாலும் அந்த ஷார்ட்டில் போயிருக்கக்கூடும். துவரம்பருப்பும் கருகும். ஆகவே அவன் செத்தது போலி என்பதற்குச் சாட்சியாகாது. சாட்சி உடைத்த பிறகு தெரிந்த சில்லு மட்டும்தான்.

ஏன் காதுக்குத் தெரியவில்லை என்று யோசிக்கும்போது இன்னொரு இடத்துக்கு வந்து நிற்க வேண்டியிருக்கிறது. 1927 ஆகஸ்ட் 2ஆம் தேதி காலை, ஹெரால்டு பிளாக் என்ற பெல் ஆய்வகப் பொறியாளர் நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றைக் கடக்கும் லாக்கவானா படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நெடுந்தொலைவுத் தொலைபேசிக் கம்பியில் வழிநெடுக ஆம்ப்ளிஃபயர்கள் வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் குரலைக் கொஞ்சம் கோணலாக்கும், கோணல் மேல் கோணல் சேர்ந்து மறுமுனையில் ஆள் யாரென்றே தெரியாது. நல்ல வால்வு செய்ய ஆண்டுக்கணக்காக முயன்று அலுத்துப்போனவர், அன்று படகில் கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே ஒரு படத்தையும் சில சமன்பாடுகளையும் எழுதினார். தேவைக்கு மேல் பல மடங்கு பெருக்கும் ஆம்ப்ளிஃபயரைக் கட்டு. வெளியே வருவதில் ஒரு சிறு பங்கைத் திருப்பிக் கொண்டுவந்து உள்ளே போவதோடு ஒப்பிட்டுப் பார். வேறுபாடு எவ்வளவோ அவ்வளவையும் எதிர்த்திசையில் கொடுத்துத் திருத்து. பெருக்கத்தில் பெரும்பகுதியை வீணடித்து நேர்மையை விலைக்கு வாங்கும் ஏற்பாடு. காப்புரிமை அலுவலகம் இதை நம்ப மறுத்தது. 1928இல் கேட்ட காப்புரிமை கிடைக்க 1937 ஆயிற்று. இன்று நானும் நீங்களும் கேட்கும் ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளுக்குள்ளும் அந்தப் படகுப் படம் இருக்கிறது. என் போர்டில் அந்த வேலையைச் செய்பவை இரண்டு ரெசிஸ்டர்கள்: 22 கிலோ ஓம் ஒன்று, 680 ஓம் ஒன்று. பெருக்கம் முப்பத்துமூன்று மடங்கு என்று தீர்மானிப்பவை அவைதான், அறுபது ரூபாய் டிரான்சிஸ்டரோ நானூற்று ஐம்பது ரூபாய் டிரான்சிஸ்டரோ இல்லை. கைநிறைய அள்ளினால் ஐந்து ரூபாய் கேட்பார்கள், அதையும் சில கடைகளில் வாங்க மாட்டார்கள். யோசித்துப் பார்த்தால் இந்தச் சுற்று தன் சாமான்கள் எதையும் நம்பாமல் கட்டப்பட்டது. அவை கோணலாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கணமும் திருத்திக்கொண்டே இருப்பது. அந்தப் பெட்டிக்குள் நம்பிக்கை என்று எதுவுமே இல்லை. வெளியே சோபாவில் உட்கார்ந்து நம்பிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

போலி என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுகிறேன், அதுவும் உறுத்துகிறது. பள்ளிக்கூடத் தமிழ் இலக்கணத்தில் போலி ஒரு வசைச்சொல்லே இல்லை. அறம் என்பது அறன் என்று வரும், நிலம் நிலன் என்று வரும். எழுத்து மாறியும் பொருள் மாறாமல் இருந்தால் அது போலி. முதலில் மாறினால் முதற்போலி, நடுவில் மாறினால் இடைப்போலி, கடைசியில் மாறினால் கடைப்போலி. அதில் குற்றம் எதுவும் இல்லை, திருக்குறளிலேயே அறன் எத்தனையோ இடங்களில் நிற்கிறது. என் மேசையில் கிடந்ததோ நேர் தலைகீழ்: எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, பொருள்தான் மாறியிருந்தது. இதற்கு இலக்கணத்தில் பெயர் இருப்பதாகத் தெரியவில்லை. அதோடு பொருள் என்பது என்ன என்பதும் அவ்வளவு எளிதாக இல்லை. ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்களுக்கு 3055 தெரியாமல் இருக்காது, இரண்டு காதுகள் வைத்த தட்டையான உலோக மூடி. அமெரிக்காவில் ஆர்சிஏ நிறுவனம் அறுபதுகளின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. பிறகு பல நிறுவனங்கள் அதே எண்ணில் செய்தன, முறைப்படியே செய்தன. உள்ளே சில்லைச் செய்யும் விதமே எழுபதுகளில் மாறிவிட்டது. பழைய 3055 மெதுவானது, அடி தாங்குவது; புதியது வேகமானது, குணம் வேறு. எண் மட்டும் அப்படியே. இரண்டும் அசல். சான்யோவின் குறைக்கடத்திப் பிரிவை 2011 தொடக்கத்தில் ஓர் அமெரிக்க நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஆனால் ஒரு காலத்தில் கார் செட்டிலும் வீட்டில் கட்டும் ஆம்ப்ளிஃபயரிலும் பாதியை ஆண்ட 4440 ஐசி, சான்யோ பெயரோடு புத்தம் புதிதாக இன்றும் கடைகளில் கிடைக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் ஆறாறு வாட் தரும் அந்தச் சின்ன ஐசியை ஒரு போர்டில் உட்காரவைத்து இருநூறு வாட் என்று எழுதி விற்பார்கள். ஆள் போன பிறகும் கையெழுத்து வந்துகொண்டே இருக்கிறது.

கோவில்பட்டியில் எனக்குச் சால்டரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த ரேடியோக் கடை அண்ணாச்சி இதையெல்லாம் கேட்டால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். அவரிடம் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் நிறையக் கழற்றின சாமான்கள் இருக்கும். 3055 ஒரு பாட்டில், கண்டன்சர் ஒரு பாட்டில், என்னவென்று தெரியாதவை ஒரு பாட்டில். கல்யாண வீடுகளுக்கும் கொடை விழாக்களுக்கும் போகும் மைக்செட்டுக்கு ஆம்ப்ளிஃபயர் கட்டித் தருவது அவர் தொழில். தடித்த அலுமினியத் தகட்டில் துளை போட்டு, மைக்கா வைத்து, வெள்ளைப் பசையைச் சுண்டுவிரல் நுனியில் எடுத்துத் தடவி டிரான்சிஸ்டரை உட்காரவைப்பார். குழந்தைக்குச் சாந்துப்பொட்டு வைப்பதுபோல இருக்கும். எந்தச் சாமானையும் மீட்டரில் பார்க்காமல் போர்டில் ஏற்ற மாட்டார். "மேல என்ன எழுதியிருக்குன்னு பாக்காத தம்பி, மீட்டர் என்ன சொல்லுதுன்னு பாரு" என்பார். அதைவிட முக்கியம், வேலை முடிந்ததும் அவர் செய்யும் ஒரு காரியம். உப்புத்தாளை எடுத்து டிரான்சிஸ்டர் மேல் இருக்கும் எண்களைத் தேய்த்து அழித்துவிடுவார். பஜாரில் இன்னொரு மெக்கானிக் திறந்து பார்த்தால் என்ன போட்டிருக்கிறது என்று தெரியக் கூடாது. அவர் காலமான பிறகு அந்தச் செட்டுகள் ஒவ்வொன்றாகப் பழுதாயின. எந்த எண்ணை வாங்கிப் போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. காலுக்குக் கால் அளந்து ஊகித்துச் சிலவற்றை நான் சரிசெய்தேன், சிலவற்றை முடியவில்லை. அசலான சாமானிலிருந்து பெயரை அழித்த கையை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கோ முகம் தெரியாத இன்னொரு கை, பெயரில்லாத ஒன்றின் மேல் பெயரை அச்சடித்திருக்கிறது. இரண்டுக்கும் காரணம் வயிறுதான். ஆனால் அண்ணாச்சி செய்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, இதை நினைத்தால் வருவதில்லை. இந்தப் பாரபட்சத்துக்கு நியாயம் தேடிப் பார்த்தேன், சரியாக அகப்படவில்லை.

சாமான் வாங்குவது என்பதே நம்பாமல் இருக்கக் கற்றுக்கொள்வதுதான் என்று ஆகிவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் முதலில் கையில் தூக்கி எடை பார்க்க வேண்டும். செம்புக் கம்பி என்று சொன்னால் ஒயர் முனையில் பிளேடால் சுரண்டிப் பார்க்க வேண்டும். மேலே சிவப்பாக இருந்தால் போதாது, முனையை நறுக்கி வெட்டுவாயைப் பார்க்க வேண்டும். அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம் போட்டிருந்தால் வெட்டுவாயில் வெள்ளை தெரியும். கெப்பாசிட்டர் பருத்திருந்தால் மகிழ்ந்துவிடக் கூடாது. பெரிய உறைக்குள் சின்ன கெப்பாசிட்டரைத் திணித்து வருவதை அறுத்துப் பார்த்தவர்கள் உண்டு. இது நம் சந்துக் கடைகளின் கதை மட்டுமில்லை. அமெரிக்க செனட்டின் ராணுவக் குழு 2012 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, 2009, 2010 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ராணுவத் தளவாடங்களின் விநியோகத்தில் ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு சம்பவங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தேகத்துக்குரிய சாமான்கள் நுழைந்ததாகச் சொன்னது. குப்பையாக வந்த போர்டுகளைத் தீயில் காட்டிச் சில்லுகளைப் பிரித்து, கழுவி, மேற்பரப்பைத் தேய்த்து, கறுப்புப் பூச்சு பூசி, புது எண் அச்சடித்து அனுப்பும் வேலை சீனாவின் தென்கரை ஊர்களில் நடப்பதையும் விவரித்தது. தீயில் காட்டும்போது எழும் புகையை யாரோ சுவாசித்திருப்பார்கள். என்னுடையது அந்த வகை இல்லை என்று தோன்றுகிறது. என்னுடையதில் இருந்தது சின்னதானாலும் ஒழுங்கான டிரான்சிஸ்டர். ஐந்தாறு ஆம்பியருக்கு உரிய பெயரோடு வந்திருந்தால் அதற்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. பதினோரு ஆண்டு உழைப்பு அதன் நற்சான்று. பொய்யாக இருந்தது மேலே இருந்த பெயர் ஒன்றுதான், அந்தப் பெயருக்காகத்தான் நானும் பணம் கொடுத்தேன். நூற்று நாற்பதில் அறுபது சில்லுக்கு, எண்பது பெயருக்கு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் அடியில் கிடக்கும் கேள்வியை எடுக்கத் தயக்கமாக இருக்கிறது. ஏன் கட்ட வேண்டும்? காசு மிச்சம் என்று சொன்ன காலம் போய்விட்டது. கட்டைவிரல் நகம் அளவுள்ள ஐசியை வைத்து, சூடே ஆகாமல், ஐம்பது வாட் தரும் போர்டு சில நூறு ரூபாய்க்குக் கூரியரில் வீட்டுக்கு வருகிறது. அதன் அளவீடுகள் என்னுடையதைவிட மோசமில்லை. ஜான் லின்ஸ்லி ஹுட் 1969 ஏப்ரலில் வயர்லெஸ் வேர்ல்டு இதழில் வெளியிட்ட பத்து வாட் ஆம்ப்ளிஃபயரை, பக்கத்துக்கு நான்கே டிரான்சிஸ்டர், பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தோசைக்கல் மாதிரி சூடாகவே இருக்கும் அதை, இன்றும் உலகெங்கும் ஆட்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாட்டுக்காகத்தான் என்று சொல்வோம். ஆனால் கட்டி முடித்த முதல் இரவில் எவனும் பாட்டைக் கேட்பதில்லை. வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டு ஸ்பீக்கர் கூம்பில் காதை ஒட்டிவைத்து, ஹம்மிங் இருக்கிறதா என்று கேட்கிறான். சுவரில் வரும் ஐம்பது ஹெர்ட்ஸ் டையோடுகளைத் தாண்டி நூறாகும். ஈ ஒன்று பாட்டிலுக்குள் மாட்டிக்கொண்டதுபோல ஒரு முனகல். எர்த் ஒயரை இங்கிருந்து எடுத்து அங்கே வைத்து, எல்லா எர்த்தையும் ஒரே ஆணியில் சேர்த்து, டிரான்ஸ்ஃபார்மரைக் கால் சுற்றுத் திருப்பி, அந்த ஈயைத் துரத்த ஒரு வாரம் ஆகும். துரத்தியபின் அங்கே ஒன்றும் கேட்காது. அந்த ஒன்றுமில்லாததைக் கேட்கத்தான் இத்தனையும் என்று சில நாள் தோன்றுகிறது. இன்னும் சில நாள், பெட்டிக்குள் இருப்பது ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும் என்ற நினைப்புக்காகத்தான் கட்டினேன் என்று தோன்றுகிறது. வெளியே வாங்கும் எந்தப் பொருளிலும் கிடைக்காத ஒன்று அது. அந்த நினைப்பைத்தான் குறட்டில் வைத்து நசுக்கினேன்.

இடது பக்கத்துக்கு அசல் வாங்கினேன், இந்த முறை அங்கீகாரம் பெற்ற முகவரிடமிருந்து. இரண்டு சோடி வரவழைத்தேன். வெள்ளி நிற உறை, ஒட்டுத்தாளில் தொகுதி எண், பட்டைக் குறி. பிரித்துப் பார்த்தால் எண்ணுக்குப் பின்னால் ஆங்கில என் எழுத்து ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது; பழைய 5200 இப்போது வருவதில்லை, அதன் இடத்தில் இதுதான், உடல் சற்றுச் சிறியது. கடைசியில் எழுத்து கூடி, வேலை மாறாமல். கிட்டத்தட்டக் கடைப்போலி. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். புது மைக்கா வைத்து, பசை தடவி, சீரிஸ் பல்பு போட்டு முதலில் மின்சாரம் கொடுத்தேன். பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கியது, அது நல்ல சகுனம். பிறகு 0.22 ஓம் ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் மீட்டர் ஊசிகளை வைத்துக்கொண்டு, பிரீசெட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிப் பதினொரு மில்லிவோல்ட்டில் நிறுத்தினேன். ஐம்பது மில்லி ஆம்பியர். அரை மணி நேரம் சூடாக விட்டு மறுபடி பார்த்தேன், பன்னிரண்டு. கொஞ்சம் குறைத்தேன். அந்த அரை மணி நேரத்தில் மனம் வேறெங்கும் போகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்றிரவு பழைய மோனோ பாட்டு ஒன்றைப் போட்டு, ஒரே ஸ்பீக்கரை இரண்டு பக்கத்துக்கும் மாற்றி மாற்றி இணைக்கும்படி மனைவியிடம் சொன்னேன். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொரு முறையும் அணைத்து, ஒயரை மாற்றி, மறுபடி போட வேண்டும், பொறுமையாகச் செய்தாள். "ஏங்க, இதுல டூப்ளிகேட் எந்தப் பக்கம்னு எனக்காவது சொல்லிட்டு உக்காருங்க" என்றாள். சொல்லவில்லை. சொன்னால் அவள் கை நடுங்குவதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயம். பத்து முறையில் ஆறு முறை சரியாகச் சொன்னேன். நாணயம் சுண்டினாலும் ஏறக்குறைய அவ்வளவு வரும். ஆறாவது முறை அசல் பக்கத்தை 'மூடினாப்ல இருக்கு' என்று சொல்லியிருக்கிறேன், அவள் குறித்து வைத்திருந்தாள். இத்தனைக்குப் பிறகும் தனியாகக் கேட்கும்போது காது வலது பக்கமாகவே சாய்கிறது, சபையில் யாரோ ஒருவர் தவறாகப் பாடிவிடுவார் என்று காத்திருப்பதுபோல. அவர் பாடிவிடவில்லை.

வலது பக்கம் இருப்பவையும் அதே கடையில் அதே நாளில் வாங்கிய நடு விலைச் சோடி. கழற்றி மீட்டரில் அதன் கெப்பாசிட்டன்ஸை அளந்து, இழுப்பறையில் இருக்கும் புதியதோடு ஒப்பிட்டால் உடைக்காமலே ஏறக்குறையத் தெரிந்துவிடும். பெரிய சில்லுக்கு அது கூடுதலாக இருக்கும். நான்கு திருகுகள், ஆறு பற்றவைப்புகள், பத்து நிமிட வேலை. அந்த இன்னொரு அசல் சோடி, வந்த உறையிலேயே, மேசை இழுப்பறையில் இருக்கிறது. வாங்கி ஏழு மாதம் ஆகிறது.